வேலையை விட்டு வெள்ளி நகைத் தொழிலுக்கு: தானாகக் கற்பவருக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் ஒரு நிதி நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தராக ஏழு ஆண்டுகள் கடன் தவணை அறவிட்டுவந்த நான், இப்போது வீட்டு விறாந்தையின் ஒரு மூலையில் வெள்ளி நகை செய்து வாழ்கிறேன். எந்தப் பட்டறையிலும் முறையாகத் தொழில் பழகவில்லை. இதே வழியில் இறங்க விரும்பி மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களிலிருந்து என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் முதலில் வேலையை விட்டிருந்தார்கள், அடுத்ததாகக் கருவிகளை வாங்கியிருந்தார்கள், கடைசியிலேதான் பழகத் தொடங்கியிருந்தார்கள். இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் தலைகீழாக அடுக்குகிறது. ஆகவே இராஜினாமாக் கடிதம் பதினொன்றாம் பகுதியில்தான் வருகிறது.

1. வெளியேறும்போது கையில் வருவதை எழுதிப் பார்த்தல்

ஒரு கொப்பியில் இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். முதற்பக்கத்தில், வேலையை விடும் நாளில் உண்மையாகவே கைக்கு வரக்கூடிய பணத்தை எழுதுங்கள். இங்கேதான் முதலாவது தவறு நடக்கிறது: ஊழியர் சேமலாப நிதியத்தில் இருக்கும் தொகையைப் பலர் தொழில் முதலாகக் கணக்கிட்டு விடுகிறார்கள். வேலையை விட்டதற்காக மட்டும் அந்தப் பணம் வராது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே அதை முழுமையாகப் பெறலாம்.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் வேறு. வேலையிலிருந்து விலகியதும் அதைக் கோரலாம். ஆனால் ஒரு முறை எடுத்தால் அடுத்த முறைக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பூர்த்தியாகச் சேவை செய்திருந்து, நிறுவனத்தில் பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரைமாதத் தொகை உங்களுக்கு உரியது. நான்கரை ஆண்டில் பொறுமையிழந்து கடிதம் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். இன்னும் ஆறு மாதம் இருந்திருந்தால் அவருடைய கருவிச் செலவு முழுவதும் அதிலேயே முடிந்திருக்கும்.

இரண்டாம் பக்கத்தில் கடன்களை எழுதுங்கள். மோட்டார் சைக்கிள் லீசிங், சலுகை வட்டியில் எடுத்த ஊழியர் கடன், சக ஊழியருக்காக வைத்த பிணைக் கையொப்பம் ஆகிய மூன்றும் வேலை போனவுடன் முகம் மாறக்கூடியவை. லீசிங் முடியும்வரை வேலையில் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தவணை அறவிட வருபவருடைய முகம் எப்படியிருக்கும் என்பதை நான் மறுபக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இவற்றுக்கு அப்பால் ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும். வன்னியில் பணம் வயலோடு சேர்ந்தே புழங்குகிறது. பெரும்போக அறுவடை தை கடைசியிலிருந்து பங்குனிவரை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வந்த பிறகுதான் ஊர் நகையைப் பற்றி யோசிக்கும். ஐப்பசியில் விதைப்புச் செலவில் இருக்கும் ஒருவர் மூக்குத்தி வாங்க மாட்டார். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கே ஆறு மாதம் என்கிறேன். வீட்டு நகையை அடைவு வைத்து இதைத் திரட்ட வேண்டாம். அடைவு வட்டி பழகும் காலத்துக்குப் பொறுத்திருக்காது.

2. வேலையில் இருந்தபடியே கையைச் சோதித்தல்

அழுத்தம் மிகுந்த வேலையிலிருந்து மாலையில் வீடு திரும்பும் ஒருவருக்கு, முதல் இரண்டு கிழமைகள் எந்தக் கைவேலையும் இனிக்கும். அந்த இனிப்பை நம்பி முடிவெடுக்கக்கூடாது. கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று குறைந்தது மூன்று மாதம் செம்பில் பழகுங்கள்.

சோதனை இதுதான்: ஒரே அளவில், ஒரே தடிப்பில், இருபது செம்பு மோதிரங்கள். முதல் ஐந்து ஆர்வத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டாவதில் அலுப்பு வரும். நகைத் தொழிலின் பெரும்பகுதி அந்தப் பன்னிரண்டாவது மோதிரத்தைப் போன்றது என்பதால், அதைச் செய்யும்போது உங்கள் மனம் எப்படியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் அறுப்புக் கோடு இரண்டாகத் தெரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் பற்றவைக்கும்போது, அதாவது நெருப்பில் மூட்டுகளை ஒட்டும்போது, எழும் புகையைத் தாங்குவார்களா என்பதை வைத்தியரிடம் முன்னரே கேட்பது நல்லது. வேறொன்றையும் மறைக்க விரும்பவில்லை: இந்தத் தொழிலிலும் தொலைபேசி அடிக்கும். முன்பு கிளை முகாமையாளர் எடுத்தார். இப்போது கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மணமகளின் தாயார் எடுக்கிறார்.

3. இடத்தைத் தயார்செய்தல்

காற்றுத்தான் இங்கே முதற்பிரச்சினை. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம் அடிக்கும்போது திறந்த விறாந்தையில் சுவாலை ஒரு பக்கமாகச் சாயும். நகையின் ஒரு பாதி சிவக்க, மறுபாதி குளிர்ந்தே கிடக்கும். அதற்காகக் கதவு ஜன்னலெல்லாம் மூடிக்கொண்டு உள்ளே இருந்தால் புகை நெஞ்சுக்குள் போகும். மேசையின் மூன்று பக்கமும் தகரத்தால் முழங்கை உயரத்துக்கு மறைப்புக் கட்டி, மேலே புகை வெளியேற வழிவிடுவது இரண்டுக்கும் பொருந்தும்.

பற்றவைக்கும் மூலை நிழலாக இருக்க வேண்டும். உலோகம் மங்கிய சிவப்பாக மாறுவதை வன்னி மதிய வெளிச்சத்தில் கண்ணால் பிடிக்கவே முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகிவிடும். அறுப்பதற்கும் அராவுவதற்கும் மாறாக நல்ல வெளிச்சம் தேவை. ஆகையால் ஒரே மேசையில் இரண்டையும் செய்பவர்கள் அறுப்பைப் பகலுக்கும் நெருப்பைப் பின்னேரத்துக்கும் ஒதுக்கிக்கொள்கிறார்கள்.

மேசை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்த மேசையில் குனிந்து ஒரு மாதம் செய்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். கீழே வெளிர் நிறச் சாக்கையோ தோலையோ மடியில் விழும்படி கட்டுங்கள். வெள்ளிப் பொடி அதில்தான் சேரும். நெருப்பருகே பருத்தி உடுப்பு மட்டும், ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், உள்ளே வரமுடியாத சிறுவர்கள்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் நெருப்பை மூட்ட வேண்டாம்.

4. கருவிகளை வாங்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிகச் செலவான பிழை. தகடு உருட்டும் இயந்திரத்தையும் மெருகு மோட்டாரையும் வாங்கிவைத்துவிட்டு, வாள் அலகு பிடிக்கத் தெரியாமல் என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு. அந்த இயந்திரத்தை அவர் அரைவிலைக்கு விற்றார்.

முதற்சுற்றில் குளிர்வேலைக்கு வேண்டியவை மட்டும்: வில்வாள், 2/0 அளவு அலகுகள் பல டசின், மேசை விளிம்பில் பொருத்தும் மரத்தாங்கி, தட்டை அரமும் அரைவட்ட அரமும், பல்லில்லாத மழுமழுப்பான வாயுள்ள குறடுகள் இரண்டு, மரக் கொட்டாப்புளி, மோதிர அளவுக் கம்பு, மேற்பரப்பு சமமான ஓர் இரும்புக் கட்டை, 0.01 கிராம்வரை காட்டும் தராசு, கலிப்பர். பல்லுள்ள சாதாரணக் குறடு செம்பில் விடும் தழும்பை அராவி எடுக்க ஒரு மணித்தியாலம் போய்விடும். அதனால்தான் வாயைப் பற்றிச் சொன்னேன்.

இரண்டாம் சுற்றில் நெருப்புச் சாமான்: சிறு வாயு ஊதுகுழல், சாமணம், வெங்காரம் (போராக்ஸ்), பற்றாசு (மூட்டுகளை ஒட்ட உருக்கும் உலோகக் கலவை), சூட்டைத் தாங்கும் கல். கல் கிடைக்காதவர்கள் நன்றாக எரிந்த சிரட்டைக்கரியைப் பயன்படுத்தலாம். அது சூட்டைத் திருப்பித் தருவதால் வாயுச் செலவும் குறையும். கம்பி இழுக்கும் துளைத்தகடு மூன்றாம் சுற்று. இயந்திரங்கள், வருமானம் வந்த பிறகு.

வெள்ளித் தகடு, கம்பி, பற்றாசு ஆகியவற்றுக்கு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நமக்கு அருகில். அங்கே இல்லாதது கொழும்பு செட்டியார் தெருவில் இருக்கும். பற்றாசு வாங்கும்போது கட்மியம் கலந்ததா என்று கேளுங்கள். கட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும். புகை வரும்போது எச்சரிக்கும்படியான மணம்கூட இராது.

செம்பும் பித்தளையும் இரும்புக்கடையிலோ மின்சாரப் பொருள் கடையிலோ காசு கொடுத்தே வாங்குங்கள். காணி துப்புரவாக்கும்போது கிடைக்கும், போர்க்காலத் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை இலவச உலோகம் என்று எடுத்து வருபவர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத ஒன்றை நெருப்பில் வைக்கவோ, சுத்தியலால் தட்டவோ கூடாது. கண்டால் கை வைக்காமல் அறிவிக்க வேண்டும்.

5. அறுத்தலும் அராவுதலும்

0.8 மில்லிமீற்றர் அல்லது 1 மில்லிமீற்றர் செம்புத் தகட்டில் தொடங்குங்கள். அலகின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்க்கும்படி பூட்ட வேண்டும், ஏனெனில் இந்த வாள் கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும் அளவுக்கு இறுக்கம் வேண்டும்; தொய்வான அலகு கோணி உடையும்.

அலகு உடைவது வாளைச் சாய்ப்பதாலும் அவசரப்படுவதாலும் அழுத்துவதாலும். வாள் செங்குத்தாக ஒரே இடத்தில் ஏறி இறங்க, தகட்டைத்தான் திருப்ப வேண்டும். வளைவில் வந்ததும் முன்னேறாமல் அதே இடத்தில் ஏற்றி இறக்கியபடி தகட்டை மெல்லச் சுற்றுங்கள். மெழுகுதிரியை அலகின் முதுகில் தேய்த்துக்கொண்டால் உராய்வு குறையும். முதற்கிழமையில் ஒரு நாளுக்கு ஒரு டசின் அலகு உடைந்தால் அது வழமையானதே.

கோட்டின் மேலேயே அறுக்காமல், கோட்டுக்கு வெளியே மயிரிழை விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தால் எடுக்க வேண்டும். அரம் முன்னே தள்ளும்போது மட்டும் வெட்டும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் பல் மழுங்கும்.

மோதிரத் துண்டின் நீளத்தைக் கணக்கிடுவதில் ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறை பிழை விடுகிறார்கள். உள்விட்டத்தோடு தகட்டின் தடிப்பையும் கூட்டி, அதை 3.14 ஆல் பெருக்க வேண்டும். உள்விட்டம் 17 மில்லிமீற்றர், தடிப்பு 1.5 மில்லிமீற்றர் என்றால் 18.5 ஐப் பெருக்க 58.1 மில்லிமீற்றர் வரும். தடிப்பை மறந்தவருக்கு 53.4 தான் வரும். அந்த மோதிரம் அவருடைய சின்ன மகளுக்குத்தான் போகும்.

6. காய்ச்சி இளக்குதல்

உலோகத்தை வளைக்கவும் தட்டவும் அது விறைத்துக்கொண்டே போகும். விறைத்த பிறகும் வளைத்தால் விளிம்பில் நுண்ணிய வெடிப்பு விழுந்து, அது மெருகிட்ட பிறகே கண்ணில் படும். ஆகவே கை எதிர்ப்பை உணர்ந்த உடனேயே நிறுத்தி, நிழலில் வைத்து மங்கிய சிவப்புவரை சூடாக்குங்கள். பிரகாசமான செம்மஞ்சள் வந்தால் அளவு மீறிவிட்டது.

சிவப்பு அடங்கிய பிறகே தண்ணீரில் போடுங்கள். செம்பு எதையும் பொறுக்கும். பித்தளையும் 925 வெள்ளியும் சிவந்த நிலையில் திடீரென்று குளிர்ந்தால் வெடிக்கக்கூடும். செம்பில் பழகும்போதே இந்தப் பொறுமையையும் பழகிவிட வேண்டும் என்பதால்தான் முன்னதாகச் சொல்கிறேன்.

7. பற்றவைத்தல்

என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் கைவிட்டது இந்தப் படியில்தான். நானும் இங்கே இரண்டு மாதம் நின்றேன். பற்றாசு உருகி உருண்டையாகத் திரண்டு, மூட்டுக்குள் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் அந்த மோதிரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரில் பரம்பரையாக நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் போய், "ஐயா, இது ஏன் பிடிக்கேல்லை?" என்று கேட்டேன். அவர் என்னைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் பற்றாசைச் சூடாக்குறீர். சாமானைச் சூடாக்கும்" என்றார்.

விளக்கம் இது: உருகிய பற்றாசு எப்போதும் சூடு மிகுந்த இடத்தை நோக்கி ஓடும். சுவாலையைப் பற்றாசின் மேல் பிடித்தால் அது உருகும்போது மோதிரம் குளிர்ந்திருக்கும். ஓட இடமில்லாமல் உருண்டு நிற்கும். மோதிரம் முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, கடைசியில் மட்டும் மூட்டுப் பக்கம் வந்தால், பற்றாசு தானாக மூட்டுக்குள் பாய்ந்து வெள்ளிக்கோடாக மின்னும். அந்தக் கணத்திலேயே சுவாலையை எடுத்துவிட வேண்டும்.

சூடு சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால், கீழ்க்காணும் வரிசையிலேயே காரணத்தைத் தேடுங்கள்.

மூட்டு இறுக்கமாக இருக்கிறதா? பற்றாசு இடைவெளியை நிரப்பாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது கீற்று ஒளி தெரிந்தால் மறுபடி அராவுங்கள்.

சுத்தமாக இருக்கிறதா? விரல் எண்ணெய்கூடத் தடுக்கும். மூட்டு முகத்தை மணல் தாளால் தேய்த்த பிறகு கை படக்கூடாது.

வெங்காரம் இருக்கிறதா? சூடேறும்போது காற்றுப் பட்டு உலோகத்தின் மேல் கறுப்புப் படலம் உண்டாகும். அதன் மேல் பற்றாசு ஒட்டாது. தண்ணீரில் பாலாகக் குழைத்த வெங்காரம் கண்ணாடிபோல் மூடி அந்தக் காற்றைத் தடுக்கிறது. ஈரமான வெங்காரம் முதலில் பொங்கிப் பற்றாசுத் துண்டைத் தள்ளிவிடும் என்பதால், தொடக்கத்தில் சுவாலையைத் தூரப்பிடித்து மெல்லக் காயவிடுங்கள். நாட்டு மருந்துக் கடைகளில் வெங்காரம் கிடைக்கும்.

துண்டு சிறிதாக இருக்கிறதா? சாதாரண மோதிரத்துக்கு ஒரு மில்லிமீற்றர் சதுரம் போதும். கூடுதலாக வைத்தால் பலம் கூடாது. அராவும் வேலைதான் கூடும்.

ஒரே நகையில் பல மூட்டுகள் வந்தால் கடினப் பற்றாசு முதலில், நடுத்தரம் அடுத்து, இலகுவானது கடைசியில். ஒன்றுக்கொன்று உருகும் சூடு குறைந்துகொண்டே வருவதால், இரண்டாவது மூட்டை வைக்கும்போது முதலாவது கழலாது. இந்த மூன்றையும் தனித்தனிப் போத்தலில் பெயரெழுதி வையுங்கள், ஏனெனில் வெட்டிய பிறகு கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. 925 வெள்ளியே 800 பாகை செல்சியசை எட்டியதும் உருகத் தொடங்கும். கடினப் பற்றாசுக்கும் நகைக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

வானொலி திருத்தும் ஈயப்பற்றை இந்த மேசைக்கு அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம். ஈயம் சிறிது ஒட்டியிருந்தாலும், வெள்ளியைச் சிவக்கச் சூடாக்கும்போது அது அரித்துத் துளையாக்கிவிடும்.

8. கறை எடுத்தலும் மெருகிடுதலும்

நெருப்பிலிருந்து வரும் நகை கறுத்தும் வெங்காரக் கண்ணாடி ஒட்டியும் இருக்கும். பட்டறைகளில் கந்தக அமிலம் வைத்திருப்பார்கள். வீட்டில் அது வேண்டாம். இளஞ்சூடான தண்ணீரில் கரைத்த சித்திரிக் அமிலமோ படிகாரமோ போதும், சற்று நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். அதற்குரிய பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகக்கூடாது.

அந்தக் கரைசலுக்குள் இரும்புச் சாமணத்தை விட்டால், கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் இளஞ்சிவப்பாகப் படியும். மூங்கில் குச்சியோ செம்புக் கம்பியோ பயன்படுத்துங்கள். எடுத்த பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விடும். கடைசி அலசலுக்கு நான் பிடித்துவைத்த மழைநீரைப் பயன்படுத்துகிறேன்.

மெருகு என்பது பெரிய கீறலைச் சிறிய கீறலாக மாற்றிக்கொண்டே போவது. மணல் தாளில் 400, 600, 800, 1200 என்று படிப்படியாக ஏறுங்கள். கடையில் சாண்ட் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். ஒரு படியைத் தாவியவர் கடைசியில் மினுக்கத்துக்குள் கீறலைக் கண்டு மறுபடி 400 க்கே திரும்புவார்.

9. வெள்ளிக்கு மாறுதல்

இருபது செம்பு மோதிரங்களில் தொடர்ந்து ஐந்து, மூட்டுத் தெரியாமல் வந்தால் வெள்ளியைத் தொடலாம். 925 வெள்ளி என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. முதலாவதாக முப்பது நாற்பது கிராம் மட்டும் வாங்குங்கள்.

செய்யும் வரிசை: சாதாரண மோதிரம், தோட்டுக் கம்பி, மூக்குத்தி, மிஞ்சி, அதன் பிறகே சங்கிலி வளையங்களும் கொலுசும். கல் பதிப்பதை ஆறு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். காதுக்கும் மூக்குக்கும் போகும் கம்பி 0.8 மில்லிமீற்றர் வெள்ளியாகவே இருக்கட்டும். நிக்கல் பூசிய ஆயத்தக் கொளுவிகள் பலருக்குப் புண் உண்டாக்கும், பழி உங்கள் பெயருக்கு வரும்.

இங்கே உறுதியாக விலைபோவது குழந்தைச் சாமான்: காப்பு, அரைஞாண், பிறந்த முப்பத்தோராம் நாளில் போடும் பஞ்சாயுதம். இவை எளிமையாகத் தெரிந்தாலும் விளிம்பெல்லாம் உருண்டிருக்க வேண்டும். வாய்க்குள் போனால் கழலக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. தொங்கும் மணிகளின் வளையத்தைப் பற்றவைக்காமல் வெறுமனே நெருக்கி விடுபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

செம்புப் பொடி, பித்தளைப் பொடி, வெள்ளிப் பொடி ஆகிய மூன்றையும் வேறுவேறு ரின்களில் சேருங்கள். கலந்த பொடிக்குக் கடையில் குறைந்த விலையே கிடைக்கும். அரத்திலிருந்து உதிரும் இரும்பைக் காந்தத்தால் எடுத்துவிடலாம்.

ஊரில் வயதான பத்தர் ஒருவர் இருந்தால் இந்தக் கட்டத்தில் போய்ப் பாருங்கள். "தொழில் படிப்பித்துத் தாருங்கள்" என்று வெறுங்கையோடு போனால் பெரும்பாலும் மறுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. செய்த சாமானைக் கையில் கொடுத்து, எங்கே பிழை என்று கேட்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. முறையாகப் படிக்க வசதியுள்ளவர்களுக்குக் கொழும்பை அடுத்த கடுவெலயில் இரத்தினக்கல், ஆபரண ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தானாகக் கற்றவர்களின் திறமையைச் சோதித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் நாட்டில் உண்டு. கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில் அந்தத் தாள் உதவும்.

10. விலை வைத்தல்

உறவினருக்குச் செய்துகொடுத்து, வெள்ளி விலையை மட்டும் வாங்கிக்கொள்வது முதலாண்டு நோய். சொந்தக்காரர் பத்துப் பேர் அந்த விலையை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். பிறகு உயர்த்தவே முடியாது.

விலையில் நான்கு பங்குகள் இருக்க வேண்டும்: அன்றைய விலையில் வெள்ளியின் நிறை, சேதாரம், செய்கூலி, இதரச் செலவு. சேதாரத்தை ஊகிக்க வேண்டாம். தொடங்கும்போது எடுத்த உலோகத்தை நிறுத்து, முடிந்த நகையையும் சேர்த்த துண்டு பொடியையும் நிறுத்தால், காணாமற்போனது எவ்வளவு என்று தராசே சொல்லும். இருபது நகைகளுக்கு இதைக் குறித்துவைத்தால் உங்கள் கையின் சேதாரம் தெரிந்துவிடும்.

செய்கூலிக்கு ஓர் உதாரணக் கணக்கு. மாதம் 60,000 ரூபா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் இருபது நாள், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் மேசையில் இருந்தால் நூறு மணித்தியாலம். ஆகவே மணிக்கு 600 ரூபா. இரண்டரை மணித்தியாலம் எடுக்கும் மோதிரத்துக்குச் செய்கூலி 1,500. எட்டு மணித்தியாலம் என்று ஏன் கணக்கிடவில்லை என்று கேட்பார்கள். யாழ்ப்பாணம் போய்வரும் பேருந்து, தொலைபேசி, பொதி கட்டுதல், வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர், மின்வெட்டு எல்லாம் அந்த மூன்று மணித்தியாலத்துக்குள்தான் இருக்கின்றன.

வெள்ளி விலை கிழமைக்குக் கிழமை மாறும். முன்பதிவு எடுக்கும் அன்றே வெள்ளிக்குரிய காசை முற்பணமாக வாங்கி, அன்றே வெள்ளியையும் வாங்கிவிடுங்கள். அந்த முற்பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்தவர் அடுத்தவருடைய முற்பணத்தில் முதலாமவரின் நகையைச் செய்யத் தொடங்குவார். கடன் அறவிட்ட காலத்தில் இந்தச் சுழலில் சிக்கிய கடைக்காரர்களை நான் நிறையவே பார்த்தேன்.

11. இராஜினாமாக் கடிதம்

பகுதிநேரமாகச் செய்த நகையிலிருந்து தொடர்ந்து மூன்று மாதம், வீட்டுச் செலவின் பாதியாவது வந்திருந்தால் கடிதத்தை எழுதலாம். பாதி போதும் என்று சொல்வதற்குக் காரணம், வேலையை விட்டதும் மேசை நேரம் இரண்டு மடங்காகும் என்பதே. ஒரு நல்ல மாதத்தை மட்டும் பார்த்து எழுத வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும் வைகாசியில் எல்லோருக்கும் விற்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் ஓடர்களும் வற்றிவிடும். ஆகவே உங்கள் மூன்று மாதத்துக்குள் அப்படியொரு மாதமாவது இருக்கட்டும்.

நியமனக் கடிதத்தில் சொல்லப்பட்ட அறிவித்தல் காலத்தைப் பார்த்து, திகதியிட்டுக் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். சேவைக் கடிதமும் சேமலாப நிதிய அங்கத்துவ இலக்கமும் கையில் வந்த பிறகே நிறுவனத்தின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். நான் கோபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பணிக்கொடைக்காக அதே படிகளில் எத்தனை முறை ஏறினேன் என்பதை எண்ணவில்லை.

விலகிய மாதத்திலேயே வணிகப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் விசாரித்து, பிரதேச சபையின் வியாபார உரிமத்தையும் கேட்டு வையுங்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு இருந்தால்தான் வெள்ளிக் காசும் அரிசிக் காசும் கலக்காது.

12. முதலாண்டில் மறுக்க வேண்டிய வேலைகள்

பிறருடைய தங்கத்தை வாங்கி உருக்க வேண்டாம். நிறையிலோ மாற்றிலோ சிறு குறை ஏற்பட்டாலும் அதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இராது. தெரியாதவர் விற்கக் கொண்டுவரும் பழைய நகையையும் வாங்க வேண்டாம். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பிறகு பொலிஸ் வந்து கேட்கும்.

தாலி வேலை கேட்டு வந்தால், அதைப் பத்தரிடமே அனுப்புங்கள். பொன்னுருக்கல் நாள் பார்த்து, சுபநேரத்தில், சபைக்கு முன்னால் நடக்கும் சடங்கு. அங்கே கை தடுமாறினால் அதைத் திருத்திக்கொடுக்க வழியில்லை. அப்படி அனுப்பியதால் எனக்கு நட்டம் வந்ததில்லை. அதே பத்தர் தன்னிடம் வரும் சிறு வெள்ளி வேலைகளை இப்போது எனக்கு அனுப்புகிறார்.

பழைய கொலுசு திருத்தும் வேலை மட்டும் இடைநிலையானது. எடுப்பதற்கு முன் மூட்டுகளை உற்றுப்பாருங்கள். சாம்பல் நிறத்தில் மென்மையான பற்று தெரிந்து, நகத்தால் கீறும்போது தடம் விழுந்தால், யாரோ ஈயம் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே நெருப்பில் வைத்தால் கொலுசு உங்கள் கண் முன்னாலேயே அரித்துப்போகும். அந்த ஈயத்தை முழுவதும் சுரண்டி எடுக்க முடியாவிட்டால், கொண்டுவந்தவரிடம் அந்த இடத்தைக் காட்டி, காரணத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.